கீழறைக்கு ஒரு சன்னல்

மார்ச் 3, திங்கள்

பொறியாளர் அம்மா இன்று புது வீட்டுக்கு மூன்று வரைபடங்கள் கொடுத்தனுப்பியிருக்கிறார். மேல்தளம் முடிவாகிவிட்டது, சமையலறை முடிவாகிவிட்டது, குளியலறைக் கதவு எந்தப் பக்கம் திறக்க வேண்டும் என்பது வரைக்கும் சண்டை போட்டு முடித்தாயிற்று. பாக்கி கீழறை ஒன்றுதான். ஆனால் முதலில் தோண்டப்போவது அதற்குத்தான். அது முடிவாகாமல் மண்ணில் கை வைக்க முடியாது.

முதல் படத்தில் நான்கு பக்கமும் சுவர், சன்னல் இல்லை. உள்ளேயிருந்து ஒரு படிக்கட்டு, மேலே கனமான கதவு. இரண்டாவதில் தோட்டத்துப் பக்கம் மண்ணை வெட்டி இறக்கி, அந்தப் பள்ளத்தைப் பார்த்து ஒரு பெரிய சன்னல். அதற்கு "வெளிச்சக் கிணறு" என்று பெயர் எழுதியிருக்கிறார். மூன்றாவது, பாதி மண்ணுக்குள், பாதி வெளியே. வீட்டுக்குள் போக ஏழு படி ஏற வேண்டும்.

என் கணவர் எழுந்து வந்து முதல் படத்தில் விரலை வைத்தார். "இதுதான்." மற்ற இரண்டையும் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை.

நியாயம்தான். பத்தொன்பது வருடமாக அச்சகத்தில் ராத்திரி வேலை. காலை ஆறு மணிக்கு வந்து படுக்கும்போது தெரு எழுந்து உட்காருகிறது. குப்பை வண்டி, பள்ளி வண்டி, எதிர்வீட்டுத் தச்சுப் பட்டறை. நிம்மதியாகத் தூங்க அவருக்கு ஒரு அறை வேண்டும் என்றுதான் கீழறைப் பேச்சே ஆரம்பித்தது. ஆரம்பித்ததே நான்தான்.

அப்புறம் எனக்கு ஏன் அந்தப் படம் பிடிக்கவில்லை?

மார்ச் 4, செவ்வாய்

முதல் படத்தை மறுபடி எடுத்துப் பார்த்தேன். கட்டில்கூட வரைந்திருக்கிறார். ஒற்றைக் கட்டில்.

மார்ச் 7, வெள்ளி

சாப்பிடும்போது பேச்சை எடுத்தேன். அவர் வேலைக்குக் கிளம்ப அரை மணி நேரம் இருந்தது.

"சன்னல் இல்லாத ரூம்ல மனுஷன் தூங்குவானா? உடம்புக்கு ஆகுமாங்க?"

"ம்."

"அந்தக் கதவுக்குத் தாழ்ப்பாள் உள்பக்கமா, வெளிப்பக்கமா?"

"நாளைக்குத்தான்," என்றார்.

மகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பதினைந்து வயது, எதற்கும் சிரிப்பாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கேட்ட கேள்வி என்ன, சொன்ன பதில் என்ன? செவிடன் காதில் ஊதிய சங்கு என்பார்கள், அந்தச் சங்கை ஊதியவனுக்காவது ஊதினோம் என்ற திருப்தி இருக்கும். இந்த மனிதர் என்னோடு ஒழுங்காக நாலு வார்த்தை பேசி எத்தனை மாதம் இருக்கும்? முன்பெல்லாம் அச்சகத்துக் கதைகளை ஒன்றுவிடாமல் சொல்வார். இப்போது தட்டைப் பார்த்தே சாப்பிட்டுவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு போய்விடுகிறார்.

அவருக்குத் தூங்க இடம் வேண்டுமா, அல்லது என்னிடமிருந்து தப்பிக்க இடம் வேண்டுமா? எழுதிவிட்டேன். எழுதியதும் பயமாக இருக்கிறது.

மார்ச் 9, ஞாயிறு

மனைக்குப் போனோம். மண் பரிசோதனைக்காக ஆள் உயரத்துக்கு ஒரு குழி வெட்டியிருக்கிறார்கள். அடியில் ஒரு சாண் தண்ணீர்.

"ஊத்து இல்லம்மா, போன வாரத்து மழை," என்றார் மேஸ்திரி.

எனக்கு நம்பிக்கை வரவில்லை. பொறியாளர் அம்மாவைத் துளைத்து எடுத்தேன். தண்ணீர் கசிந்தால்? சுவருக்கு வெளியே தடுப்புப் பூச்சு உண்டு. அதையும் மீறி வந்தால்? வெளியேற்ற மோட்டார் உண்டு. மின்சாரம் போனால்? பேட்டரி உண்டு. பேட்டரி தீர்ந்தால்?

"மேடம், நீங்க வீட்ல தூங்குறீங்களா இல்லையா?" என்று கேட்டுவிட்டார் அவர். ஆனால் அடுத்து நான் கேட்டதற்கு அவரும் சிரிக்கவில்லை. தீப்பிடித்தால்?

"முதல் படத்துல ஒரே வழிதான். அதை மறைச்சுப் பேசக்கூடாது. வேற வழி இல்லாத ரூமைப் படுக்கையறைன்னு போட்டா அனுமதி கிடைக்காது. ஸ்டோர் ரூம்னுதான் போடணும். அதுல படுக்கறது உங்க பொறுப்பு."

"அப்படியே போடுங்க," என்றார் இவர், குழியைப் பார்த்தபடி.

புருஷனைத் தட்டுமுட்டுச் சாமானோடு சேர்த்துக் காகிதத்தில் எழுதுவதா?

அவர் அங்கிருந்து நகரவே இல்லை. குழியின் ஓரத்திலேயே நின்றிருந்தார். அந்த நேரம் செங்கல் லாரி பின்னோக்கி வந்தது. பீப் பீப் என்று கத்திக்கொண்டேதான் வந்தது. மேஸ்திரி கூப்பிட்டார், நான் கூப்பிட்டேன். திரும்பவில்லை. ஓடிப்போய்ச் சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

"என்ன பண்றே நீ?" என்று என்மேல் எரிந்து விழுந்தார். பிறகு லாரியைப் பார்த்தார். முகம் வெளிறிப்போயிற்று. மன்னிப்புக்கூடக் கேட்காமல் மறுபடி குழியின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

குழியைப் பார்த்துக்கொண்டு நிற்கிற ஆள் அப்படி என்னதான் நினைத்திருப்பார்?

மாலையில் அவருடைய அக்கா போன் செய்தார். வீட்டு விஷயம் எப்படித்தான் அவருக்கு எட்டுகிறதோ.

"ஏம்மா, அவனுக்குக் கீழ ஒரு ரூம், உனக்கு மேல ஒரு ரூமா? அப்புறம் எதுக்கு ஒரே வீடு?"

"அவர் பகல்ல தூங்கறதுக்குத்தான் அண்ணி."

"எல்லாம் பகல்லதான் ஆரம்பிக்கும்," என்று சொல்லி வைத்துவிட்டார்.

மார்ச் 12, புதன்

மருத்துவமனையில் நாலு வயதுப் பெண் குழந்தைக்குக் காது பரிசோதனை செய்துகொண்டிருந்தேன். சத்தம் கேட்கும்போதெல்லாம் ஒரு பொம்மைக் கட்டையை டப்பாவில் போட வேண்டும். சமர்த்தாகப் போட்டுக்கொண்டிருந்தது. நடுவில் பொறியாளர் அம்மாவின் போன்.

"சார் நேத்து ஆபீஸுக்கு வந்து முதல் படத்துல கையெழுத்துப் போட்டுட்டார் மேடம். உங்க கையெழுத்தும் வந்துட்டா அனுமதிக்கு அனுப்பிடலாம்."

எனக்குத் தெரியும் என்பதுபோல் "சரிங்க" என்றேன். என்ன சொல்வது? என் வீட்டுச் சேதி எனக்குப் போனில் வருகிறது என்றா?

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். கேட்டேன் என்ன, கத்தினேன். என்னைக் கேக்கணும்னுகூடத் தோணலையா இந்த மனுஷனுக்கு? பதினேழு வருஷம் குடும்பம் நடத்தினது இதுக்குத்தானா?

அவர் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே சொன்னார். "நீ ஒரு கையெழுத்துப் போடு. வேற எதுவும் கேக்கல உன்கிட்ட. ஒரு சத்தமும் இல்லாத ஒரு இடம். எனக்கு அது போதும்."

"நானும் உங்களுக்குச் சத்தம்தானா?"

கடைசிப் பொத்தானையும் போட்டார். போய்விட்டார். மகள் தன் அறைக்குள் பாட்டை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தாள்.

மார்ச் 13, வியாழன்

பேசவில்லை.

மார்ச் 14, வெள்ளி

அவரும்.

மார்ச் 16, ஞாயிறு

நடந்ததை வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

நான் கையெழுத்துப் போடாமல் இழுத்தடிப்பதைப் பார்த்துப் பொறியாளர் அம்மாவே ஒரு வழி சொன்னார். முதல் படத்தைப் போலவே வேறொரு வீட்டில் கட்டியிருக்கிறாராம். இசைப்பதிவு செய்கிற ஒருவருடைய வீடு. அவர் ஊரில் இல்லை, சாவி இருக்கிறது. நேரில் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள் என்றார். அவர், நான், பொறியாளர் அம்மா மூன்று பேரும் போனோம். மகள் வரவில்லை. "உங்க சண்டையை நீங்களே போய்ப் பாருங்க" என்று சொல்லிவிட்டாள்.

பதினான்கு படி இறங்கினோம். சுவர் முழுக்கத் தடிமனான பஞ்சுப் பலகை. பொறியாளர் அம்மா கதவைச் சாத்தினார். நான் எச்சில் விழுங்குவது எனக்கே கேட்டது. தினமும் இப்படிப்பட்ட காது பரிசோதனை அறையில்தான் வேலை செய்கிறேன் என்பதால் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

அவர் அறையின் நடுவில் போய் நின்றார். கண்ணை மூடிக்கொண்டார். முகத்தில் ஒரு சிரிப்பு, ரயில் வந்து நிற்கக் காத்திருக்கிற ஆளின் சிரிப்பு. எத்தனை நாள் ஆயிற்று அதைப் பார்த்து! ஐயோ, இதற்காகவா இவரோடு மல்லுக்கு நின்றேன், கையெழுத்துப் போட்டுத் தொலைத்துவிடலாம் என்று அந்த நிமிடத்தில் நிஜமாகவே முடிவு செய்தேன்.

அப்புறம் அந்தச் சிரிப்பு போயிற்று. மெல்ல மெல்லப் போயிற்று. கண்ணைத் திறந்து சுவரைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கதவுக்கு வந்து கைப்பிடி கிடைக்காமல் தடவினார். பொறியாளர் அம்மா திறந்துவிட்டதும் இரண்டிரண்டு படியாக ஏறினார்.

நான் போய்ப் பார்க்கும்போது வெளித்திண்டில் உட்கார்ந்திருந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"என்னங்க, மூச்சு முட்டுதா?"

இல்லை என்று தலையை ஆட்டினார். கீழே இறங்கும் படியைக் காட்டிச் சொன்னார்: "அங்க இதைவிடச் சத்தமா இருக்கு."

பொறியாளர் அம்மா குழம்பிப்போய் என்னைப் பார்த்தார். "உள்ள ஒரு சத்தமும் இல்லையே சார்."

எனக்குக் குழப்பம் இல்லை. இந்த வாக்கியத்தை நான் கேட்டிருக்கிறேன். வாரத்துக்கு இரண்டு பேராவது என் மேசைக்கு எதிரே உட்கார்ந்து இதையே சொல்கிறார்கள்.

மார்ச் 17, திங்கள்

காதிரைச்சல்.

குளிர்காலத்திலும் மின்விசிறியை முழு வேகத்தில் சுற்றவிட்டுப் படுப்பார். எனக்குக் குளிருகிறது என்றால் போர்வையை என் பக்கம் தள்ளுவார். தொலைக்காட்சியை அலறவிடுவார். விருந்து வீடுகளுக்கு வர மாட்டார். மகள் மெல்லிய குரலில் பேசினால் "முணுமுணுக்காதே" என்பார். தாழ்ப்பாளுக்கு "நாளைக்குத்தான்." லாரி.

இருபத்தோரு வருடமாகக் காது பார்க்கிறேன். இவற்றில் மூன்றை ஒரு நோயாளியின் மனைவி வந்து சொல்லியிருந்தால், நாலாவதை நானே எடுத்துக் கொடுத்திருப்பேன். என் வீட்டில் மட்டும் இதற்கெல்லாம் அலட்சியம் என்று பெயர் வைத்திருந்தேன். அன்பு போய்விட்டது என்று பெயர் வைத்திருந்தேன். விளக்கடியில் இருட்டு என்பது எவ்வளவு பழைய வார்த்தை. எனக்கு இன்றுதான் பொருள் புரிகிறது.

எப்படிக் கேட்பது? கேட்டால் இல்லை என்பாரே. இல்லை என்றால் நான் என்ன செய்வேன்?

மார்ச் 18, செவ்வாய்

கேட்டுவிட்டேன். இன்று அவருக்கு விடுமுறை. மகள் பள்ளிக்குப் போனதும், அவருக்கு எதிரே முகம் தெரிகிற மாதிரி உட்கார்ந்து, ஒவ்வொரு வார்த்தையாக: "எத்தனை வருஷமா காதுக்குள்ள சத்தம் கேக்குது?"

நான் பயந்ததுபோல் இல்லை என்று சொல்லவில்லை. ஜாதகம் பார்க்கிறவனிடம் மாட்டியதுபோல் விழித்தார்.

"ஆறு," என்றார்.

ஆறு வருடம்!

"மெஷின் ஓடற மாதிரியே இருக்கும். முதல்ல வீட்டுக்கு வந்தும் கொஞ்ச நேரம் இருக்கும், அப்புறம் போயிடும். இப்ப போறதே இல்ல. தெருச் சத்தம், வீட்டுச் சத்தம், எல்லாம் அதோட சேந்துக்குது. வெளிய அடங்கிட்டா உள்ள இருக்கறதும் அடங்கிடும்னு நெனச்சேன். அந்த ஒரு ரூம் கெடச்சா சரியாயிடும்னு நெனச்சுட்டே இத்தனை நாள் ஓட்டிட்டேன்."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே. நான் யாரு? என் தொழில் என்ன?"

"அதனாலதான் சொல்லல."

நாற்காலியை இன்னும் கிட்டே இழுத்துப் போட்டேன்.

"அச்சகத்துல மெஷின் சத்தத்த வெச்சுத்தான் எங்க கோளாறுன்னு சொல்லுவேன். காது போச்சுன்னு தெரிஞ்சா காகிதக் கட்டு எண்ணற வேலைக்கு அனுப்பிடுவாங்க. உனக்குத் தெரிஞ்சா நீ எழுதிக் குடுத்துடுவே, விட மாட்டே. அப்புறம்..." நிறுத்தினார். "நீ பாக்கற ஆயிரம் பேர்ல ஒருத்தனா உன் முன்னாடி வந்து உக்கார எனக்கு மனசு வரல."

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதை. ஆனால் இந்தப் பூதம் ஆறு வருடமாக எங்களோடுதான் குடித்தனம் நடத்தியிருக்கிறது. நான்தான் அதற்கு வேறு பெயர் சொல்லித் திட்டிக்கொண்டிருந்தேன்.

அழவில்லை. பிறகு குளியலறையில் அழுதேன்.

மார்ச் 22, சனி

மருத்துவமனைக்கு வந்தார். வேறு யாராவது பரிசோதிக்கட்டுமா என்று கேட்டேன். "வேணாம். நீயே பாரு."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர், காதில் ஒலிப்பான், கையில் பொத்தான். சத்தம் கேட்டால் அழுத்த வேண்டும். எல்லோருக்கும் சொல்கிற அதே வாக்கியங்களை அவருக்கும் சொன்னேன்.

கொஞ்ச நேரத்தில் நான் எதுவுமே அனுப்பாமல் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தேன். என் பக்கத்துப் பெட்டியில் விளக்கு எரிந்தது. அவர் அழுத்தியிருக்கிறார். நிமிர்ந்து பார்த்தேன். கண்ணை இறுக்க மூடி, கவனமாக, பள்ளிக்கூடப் பையன் பரீட்சை எழுதுவதுபோல மறுபடி அழுத்தினார். மறுபடியும். இல்லாத சத்தத்துக்கெல்லாம் பொய் சொல்லாமல் பதில் சொல்லிக்கொண்டிருந்தார்.

நான் விளக்கு எரிவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவருக்குக் கேட்பதை எனக்குக் காட்ட இதைவிட வேறு வழி இருக்கிறதா?

பரிசோதனை வரைபடத்தில் கோடு நேராக வந்து, மெல்லிய கீச்சொலிகள் வருகிற இடத்தில் திடீரென்று சரிந்து விழுகிறது. இயந்திரச் சத்தத்தில் வேலை செய்கிறவர்களுக்கு விழுகிற அதே பள்ளம். இரண்டு காதிலும். எங்கள் மருத்துவரும் பார்த்தார். போன கேட்கும் திறன் திரும்பாது. இரைச்சலும் போகாது, பழகலாம், தணிக்கலாம். காதுக் கருவி உதவும். முக்கியமாக ஒன்று சொன்னார்: "முழு நிசப்தத்துல மட்டும் போய்ப் படுக்காதீங்க. அந்த இரைச்சலுக்குத் துணைக்கு வேற ஒரு சத்தம் வேணும்."

நாங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். மருத்துவருக்கு எங்கள் மூன்று படங்களைப் பற்றித் தெரியாது.

மார்ச் 23, ஞாயிறு

மகளிடம் அவரே சொன்னார். "அப்ப நான் முணுமுணுக்கலதானே?" என்றாள். பிறகு போய் அவர் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

மார்ச் 29, சனி

பொறியாளர் அம்மாவின் அலுவலகம். முதல் படத்தை இவரே எடுத்து நீட்டினார்: "இதுல போட்ட கையெழுத்தை அடிச்சுடுங்க." பொறியாளர் அம்மா காரணம் கேட்கவில்லை, ஆனால் புரிந்திருக்கும்.

இரண்டாவது படத்தை விரித்தோம். சன்னல் எவ்வளவு பெரிதாக வைக்கலாம் என்று பொறியாளர் அம்மா கேட்டார். ஒரு ஆள் ஏறி வெளியே வரும் அளவுக்கு என்றேன் நான். பள்ளத்திலிருந்து தோட்டத்துக்கு இரும்பு ஏணி வேண்டாம், கல்படியே கட்டுங்கள் என்றேன். புகை வந்தால் சத்தம் போடுகிற கருவியோடு விளக்கும் மின்ன வேண்டும் என்றேன். எனக்குக் கவலைப்படத் தெரிந்த அளவுக்கு வேறெதுவும் தெரியாது. அது முதல்முறையாக ஒரு உபயோகத்துக்கு வந்தது.

"சத்தம் உள்ள வருமே சார், பரவாயில்லையா?"

"வரட்டும்," என்றார்.

மறுபடி அனுமதி வாங்க மூன்று வாரம் தள்ளிப்போகும். போகட்டும்.

கிளம்பும்போது இவர் ஒரு பேனாவை வாங்கி, இதிலும் ஒற்றைக் கட்டில் வரைந்திருந்த இடத்தில் இன்னொரு கோடு இழுத்து அகலப்படுத்தினார். பொறியாளர் அம்மா பார்க்காததுபோல் கணினியைப் பார்த்தார். எனக்குக் காது மடல் சூடாயிற்று, இந்த வயதில்.

ஏப்ரல் 25, வெள்ளி

தோண்ட ஆரம்பித்துவிட்டார்கள். நான் தினமும் போய் எட்டிப் பார்க்கிறேன். மேஸ்திரி எனக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டுவைத்திருக்கிறார்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

அச்சகத்தில் சொல்லிவிட்டார். நான் எழுதிக் கொடுத்த தாளை மூன்று வாரம் சட்டைப்பையிலேயே வைத்திருந்துவிட்டு, இன்று கொடுத்திருக்கிறார். பயந்ததுதான் நடந்தது. பெரிய இயந்திரத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். அடுத்த மாதத்திலிருந்து அச்சுத் தட்டு தயாரிக்கிற பிரிவு. பாதி நாள் பகல் வேலை, பாதி நாள் ராத்திரி.

வந்து ரொம்ப நேரம் கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பத்தொன்பது வருடத்து மை நகக்கண்ணில் இருக்கிறது. நான் செய்தது சரியா? அவரை அப்படியே விட்டிருந்தால் இன்னும் நாலு வருடம் சந்தோஷமாக ஓட்டியிருப்பாரோ? சந்தோஷமாகவா?

காதுக் கருவியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். சாப்பிட்ட பிறகு மறுபடி மாட்டிக்கொண்டார்.

அக்டோபர் 12, ஞாயிறு

குடிவந்துவிட்டோம். முதல் மழை. மூன்று தடவை கீழே இறங்கிச் சுவரைத் தடவிப் பார்த்தேன். கசியவில்லை. நாலாவது தடவை இறங்கும்போது அவரும் கூட வந்து தடவினார். கேலிக்குத்தான்.

நவம்பர் 16, ஞாயிறு

மதியம் மூன்று மணி இருக்கும். துணி மடித்துக்கொண்டிருந்தேன். அவர் மேலே வந்து, "டீ ஒரு ஆறு பேருக்குப் போட முடியுமா?" என்றார். அச்சகத்து ஆட்கள் வந்திருக்கிறார்களாம். தோட்டத்துப் படி வழியாக நேரே கீழே கூட்டிப்போயிருக்கிறார். எனக்குத் தெரியவே இல்லை.

தட்டைத் தூக்கிக்கொண்டு இறங்கினேன். கல்யாண வீடு மாதிரி இரைச்சல். ஐந்து ஆண்களும் ஒருவர் பேசுவது ஒருவருக்குக் கேட்காமல் கத்திக் கத்திப் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் கட்டிலில், இரண்டு பேர் தரையில், இரண்டு பேர் சன்னல் திண்டில்.

நான் கடைசிப் படியில் இருக்கும்போது இவர் கையைத் தூக்கினார். பேச்சு நின்றது. காதிலிருந்த கருவியைக் கழற்றி, பக்கத்திலிருந்தவர் உள்ளங்கையில் வைத்தார்.

"எனக்கு ஆறு வருஷமா மெஷின் ஓடற சத்தம் காதுக்குள்ள. இவகிட்டகூடச் சொல்லல," என்று என்னைக் காட்டினார். "யாருக்கெல்லாம் இருக்கு? மறைக்காம சொல்லுங்க."

கருவி கைமாறிக் கைமாறிப் போயிற்று. பைண்டிங் பிரிவின் பெரியவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு அதை மடியில் வைத்துக்கொண்டு, மெதுவாகக் கையைத் தூக்கினார். அடுத்து சன்னல் திண்டில் இருந்தவர். அடுத்து இன்னொருவர்.

டீ ஆறிக்கொண்டிருந்தது. நான் தட்டைக் கீழே வைத்துவிட்டு, மேலே போய் என் வேலை நாட்குறிப்பை எடுத்துவந்து, இவர்கள் காதைப் பரிசோதிக்க வரும் வாரத்தில் எந்தெந்தக் காலை காலியாக இருக்கிறது என்று பார்க்க ஆரம்பித்தேன்.